சாமுவேல் ஆகமமும் தஞ்சைச் சீமையும்

எபிரேயரின் மறைநூல் தொகுப்பில் சாமுவேல் என்னும் தீர்க்கதரிசியின் பெயரால் வழங்கும் இரண்டு ஆகமங்களும் முடியாட்சி தோன்றிய வரலாற்றைக் கூறுபவை. எனினும், அரசனைப் போற்றுவதற்கு முன்பே அரசனைப் பற்றிய எச்சரிக்கையை அவை பதிவு செய்கின்றன. தங்களுக்கும் ஓர் அரசன் வேண்டுமென்று கேட்ட மக்களிடம், அவன் நல்ல வயல்களைப் பறிப்பான், விளைச்சலில் பத்திலொன்று கொள்வான் என்று சாமுவேல் கூறுகிறார். முதுமையில் பொறுப்பை விட்டு விலகும்போது, யாருடைய எருதையாவது தாம் கவர்ந்ததுண்டா என்று ஊரார்முன் நின்று கேட்கிறார். இரண்டாம் ஆகமத்தின் தொடக்கத்தில், முதல் அரசனான சவுலும் அவன் மகன் யோனத்தானும் கில்போவா மலைப்போரில் மடிந்த செய்தி தாவீதுக்கு எட்டுகிறது. அரசனைத் தானே கொன்றதாகச் சொல்லி முடியைக் கொண்டுவந்து நீட்டிய அமலேக்கியன் பரிசை எதிர்பார்க்க, அவனுக்குக் கிடைப்பதோ மரண தண்டனை. தன்னைக் காடுமேடெல்லாம் துரத்திய பகைவனுக்காகவும் உயிர்நண்பனுக்காகவும் தாவீது ஒரே புலம்பலில் அழுகிறான். துயரம், நேர்மை, ஆட்சிப்பொறுப்புக்கு உரிய மதிப்பு ஆகிய மூன்றும் அந்த ஓர் அதிகாரத்தில் பின்னிக் கிடக்கின்றன.

இத்தகைய புலம்பல் காவிரி நாட்டுக்குப் புதியதன்று. அரசனோ வள்ளலோ இறந்தபோது செயலற்று நின்று பாடுவதைத் தமிழ் இலக்கணிகள் கையறுநிலை என்னும் துறையாக வகுத்தனர். தன் புதல்வர்களே தன்மேல் போருக்கு எழுந்தபோது, புலவர் எயிற்றியனாரின் சொல்லுக்கு இணங்கிப் போரைக் கைவிட்டு, வடக்கிருந்து, அதாவது உண்ணாநோன்பேற்று, உயிர் துறந்த உறையூர்க் கோப்பெருஞ்சோழனும், அவனை முன்பின் காணாமலே வந்து உடன் உயிர்விட்ட பிசிராந்தையாரும் யோனத்தான், தாவீது நட்புக்கு இணைவைக்கத் தக்கவர்கள். ஆனால் அவர்கள் கதையைத் தாங்கிய புறநானூறு, உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த காலத்தில், 1894இல்தான் அச்சேறியது என்பதால், எபிரேயக் கையறுநிலை தமிழ் அச்சுக்கு வந்தது அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியது எனலாம்.

அது வந்த வழி தரங்கம்பாடி. தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் 1620இல் டேனியருக்கு அளித்த அத்துறைமுகத்தில், 1706இல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு முதலில் புதிய ஏற்பாட்டையும், பின்னர் பழைய ஏற்பாட்டின் ரூத் ஆகமம் வரையும் தமிழாக்கி, 1719இல் காலமானார். ரூத் ஆகமம் தாவீதின் பெயரோடு முடிய, கிறித்தவர் வரிசைப்படி அதையடுத்து வருவது சாமுவேல். அந்தப் பகுதி முதலாக எஞ்சியவற்றை அவருக்குப் பின் வந்த பாதிரியார் ஷூல்ட்சே முடித்து 1728க்குள் அச்சிட்டார்.

அந்த ஷூல்ட்சேயிடமே ஜெர்மனியின் ஹால்லே நகரில் தமிழ் கற்கத் தொடங்கியவர் பாதிரியார் சுவார்ட்ஸ் (1726–1798). 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் வாழ்ந்த அவரது காலத்தில், தஞ்சை அரசு 1773இல் ஆர்க்காட்டு நவாபிடம் வீழ்ந்து, 1776இல் கும்பினியார் எனப்பட்ட ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாரால் மன்னர் இரண்டாம் துளஜாவிடம் திரும்பி, 1780இல் தொடங்கிய ஹைதர் அலியின் படையெடுப்பால் மீண்டும் நிலைகுலைந்தது. வெளியூர்களில் நெல் இருந்தும் தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பட்டினியால் மாண்டனர். சுமந்துவர மாடு கிடைக்கவில்லை. முன்பு மாடு கொடுத்தவர்களுக்கு உரிய கூலி போய்ச் சேராததால், குடியானவர் எவரும் அரசு அதிகாரியின் சொல்லை நம்ப முன்வரவில்லை. தம்மீதும் ஆங்கிலேயர்மீதும் மக்களுக்கு நம்பிக்கை அற்றுப்போனதை ஒப்புக்கொண்ட மன்னர், சுவார்ட்ஸின் வாக்கையாவது நம்புகிறார்களா பார்க்கலாம் என்று அவருக்கு அதிகாரம் அளித்தார். சுவார்ட்ஸ் எழுதிய ஓலைகளுக்கு இணங்கி ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. கூலியை அவர் இடைத்தரகர் எவர் கையிலும் விடாமல் தாமே எண்ணிக் கொடுத்தார். அரசனுக்குரிய மேல்வாரம், அதாவது விளைச்சலில் அரசின் பங்கு, பாதிக்கு மேல் போய்க்கொண்டிருந்த ஒரு சீமையில், எருதைப் பற்றிய சாமுவேலின் கேள்வி வெறும் பழங்கதையாக இருந்திருக்க முடியாது.

சில ஆண்டுகளுக்குப் பின், அதிகாரிகளின் கொடுமை தாளாமல் குடியானவர்கள் நிலத்தைத் தரிசாக விட்டு ஊரைக் காலிசெய்தபோதும், சுவார்ட்ஸின் உறுதிமொழியை ஏற்றே ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினர். ஆனியில் தொடங்க வேண்டிய வேலை ஆவணி வந்தும் தொடங்கவில்லையே என்று அவர் கவலைப்பட, இரவும் பகலும் உழைத்து ஈடுசெய்வதாக அவர்கள் வாக்களித்து, அவ்வாறே முந்தைய ஆண்டினும் மிகுந்த விளைச்சலைக் கண்டனர். ஆட்சியை மதிக்கும்படி மக்களிடம் சொல்வதற்கு முன், ஆட்சி தன் வாக்கைக் காக்க வேண்டும் என்பதைத் தஞ்சை விவசாயி எந்த மறைநூலையும் படிக்காமலே அறிந்திருந்தான்.

துளஜா 1787இல் இறக்கும் தறுவாயில், சுவீகாரம் எடுத்த பத்து வயதுப் பிள்ளை சரபோஜியைச் சுவார்ட்ஸின் பொறுப்பில் ஒப்படைத்தார். ஆட்சி துளஜாவின் மாற்றாந்தாய் வழித் தம்பி அமர்சிங்கிடம் போய்விட, கல்விக்கும் வெளிச்சத்துக்கும் இடமின்றி அடைபட்டுக் கிடந்த சரபோஜி, சுவார்ட்ஸின் இடைவிடாத முறையீட்டால் 1793இல் சென்னைக்கு அனுப்பப்பட்டார். சவுலின் நிழலில் உயிருக்கு அஞ்சி வாழ்ந்த இளைஞனோடு அவரை ஒப்பிடத் தோன்றினாலும், ஒப்புமையை நெடுந்தூரம் இழுக்க இயலாது. சரபோஜிக்கு அரியணையைத் தந்தது கும்பினியார் பல முறை கேட்டுப் பெற்ற சாத்திரப் பண்டிதர்களின் கருத்தும், அதைவிடக் கும்பினியாரின் சொந்த ஆதாயமுமே.

அவர் முடிசூடுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1798 பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்ஸ் காலமானார். சரபோஜி வந்து உடலின்மேல் கண்ணீர் சிந்திப் பொன்னாடை போர்த்தினார்; இந்து அரச குடும்பத்தார் பிற சமயத்தவரின் சாவு வீட்டில் நிற்பது வழக்கத்துக்கு மாறானதாக இருந்தும் அடக்கம் முடியும்வரை உடன் நின்றார். பிரேத ஊர்வலத்தில் ஞானப்பாட்டுப் பாடுவதென்று முன்னரே ஏற்பாடாகியிருந்தது; திரண்டிருந்த ஏழைகளின் ஓலத்தில் அது இயலாமற்போயிற்று. ஐரோப்பியச் சபையின் ஒழுங்குக்கு ஊர் ஒப்பாரி கட்டுப்படவில்லை என்பதைத் துக்கத்தின் வரலாற்றில் ஒரு சிறப்பான குறிப்பாகக் கொள்ளலாம். தஞ்சைச் சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில், மரணப் படுக்கையில் கிடக்கும் குருவின் கையைச் சரபோஜி பற்றியிருப்பதாக, சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் புடைப்புச் சிற்பத்தை நிறுவியவரும், கல்லறைக்கு ஆங்கிலச் செய்யுள் இயற்றியவரும் அவரே.

சுவார்ட்ஸின் இன்னொரு வளர்ப்புப் பிள்ளை, திருநெல்வேலியிலிருந்து வந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). குறத்தி குறிசொல்லும் குறவஞ்சி நாடகத்தைப் பெத்லகேம் குறவஞ்சியாகவும், ஏற்றம் இறைப்போர் பாடும் பாட்டை ஞான ஏற்றப்பாட்டாகவும் மாற்றி, மறைநூல் பொருளை டெல்டாவின் சந்தத்தில் இறக்கியவர் அவர். கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் சரபோஜியைத் தலைவனாக்கிக் குறவஞ்சி பாடிய அதே காலத்தில், சாஸ்திரியாரும் அரண்மனை ஆதரவைப் பெற்றார். கோயில் தெய்வத்தைப் பாடும்படி மன்னர் கேட்டபோது பணிவோடு மறுத்தார் என்பது சபையாரிடையே வழங்கும் செவிவழிச் செய்தி.

அதே மனிதர் 1820களில் புதிய பாதிரிமாருக்கு எதிராகவும் எழுந்தார். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தியது, சாதி பாராமல் கலந்துண்ணக் கட்டாயப்படுத்தியது, விழாக்களில் மலரை விலக்கியது, வழிபாட்டிலிருந்து தமிழ் இசையை நீக்கியது ஆகிய நான்கையும் கொடுமைகள் என்று எழுதினார். இவற்றுள் முதலாவது, மூன்றாவது, நான்காவது குறைகளில் நியாயம் உண்டு. இரண்டாவதில் அவர் காத்துநின்றது வேளாளரின் மேல்நிலையைத்தான். ஒரே ஆலயத்தில் தனி வரிசையில் அமர்த்தப்பட்ட ஒடுக்கப்பட்டோருக்கு அந்தக் கலந்துண்ணல் கொடுமையாகத் தோன்றியிருக்காது. பேராயர் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாதென்று சுற்றறிக்கை விடுத்தபோது, சுவார்ட்ஸின் நினைவைப் போற்றிய தஞ்சைக் குடும்பங்கள் பலவும் அதை ஏற்க மறுத்தன. சுவார்ட்ஸ் காலத்தில் இருந்த வழக்கத்தையே அவை தம் மறுப்புக்குச் சான்றாகக் காட்டின.