மலை மிதிவண்டி அரைக்காற்சட்டை

மலை மிதிவண்டி அரைக்காற்சட்டை என்பது கரடுமுரடான பாதைகளில் மிதிவண்டி ஓட்டுவோர் அணியும் விளையாட்டு ஆடை ஆகும். பேச்சு வழக்கில் இது சைக்கிள் ஷார்ட்ஸ் எனப்படுகிறது. ஆண்களுக்கான காற்சட்டை பெரும்பாலும் இரண்டு அடுக்குகளைக் கொண்டது. உள் அடுக்கு உடலோடு ஒட்டியதாகவும் திண்டு தைக்கப்பட்டதாகவும் இருக்கும். வெளி அடுக்கு தளர்வாகவும் முட்டியைத் தொடும் நீளத்திலும் இருக்கும்.

வரலாறு

தொடக்க காலப் பந்தய வீரர்கள் கம்பளி நூலாலான காற்சட்டைகளை அணிந்தனர். இருக்கையில் படும் பகுதியில் ஷாமுவா என்னும் மலையாட்டின் பதனிட்ட தோல் தைக்கப்பட்டது. இன்று செயற்கைத் திண்டு பயன்பட்டாலும் அதனை ஷாமி என்றே அழைக்கின்றனர். 1958இல் டூபாண்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ் என்னும் நீளும் இழை, பின்னர் கம்பளியின் இடத்தைப் பிடித்தது. 1970களில் கலிபோர்னியாவில் மலை மிதிவண்டி தோன்றியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் போட்டி முதன்முதலாக இடம்பெற்றது.

கோடைக்காலத் தேர்வு

மலை மிதிவண்டிகள் சமவெளியிலும் பரவலாக ஓட்டப்படுகின்றன. கடலூர் மாவட்டத்தின் மேல்பட்டாம்பாக்கம் போன்ற, கடலுக்கு அண்மையிலுள்ள ஊர்களில் அக்கினி நட்சத்திர நாட்களில் வெப்பத்தோடு காற்றின் ஈரப்பதமும் மிகுந்திருக்கும். இதனால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. தோல் ஈரமாகவே இருப்பதாலும் துணியில் உராய்வதாலும் தொடை இடுக்கில் புண், வேர்க்குரு, படர்தாமரை ஆகியவை ஏற்படக்கூடும். எனவே இங்கு திண்டின் தடிமனைவிட அது விரைவில் உலர்வதே முதன்மையானது.

தேர்வின்போது கவனிக்க வேண்டியவை:

* துணி: பருத்தி வியர்வையை உறிஞ்சித் தக்கவைத்துக்கொள்ளும். மெல்லிய பாலியஸ்டர் அல்லது நைலான் கலப்புத் துணி விரைவில் உலரும். உள் அடுக்கு வலைப்பின்னலாக இருத்தல் நன்று.
* திண்டு: இடுப்பின் இரு அமர்வு எலும்புகளையும் தாங்க வேண்டும். மிகத் தடித்த திண்டு வெப்பத்தையும் ஈரத்தையும் தேக்கும்.
* தையல்: தொடைகளுக்கு நடுவே புடைத்த தையல் இருத்தல் கூடாது.
* அளவு: நின்று பார்ப்பது போதாது. மிதிப்பது போல் முட்டியை உயர்த்தும்போது துணி இழுபடாமலும் திண்டு நகராமலும் இருக்க வேண்டும்.

அணியும் முறை

திண்டு வைத்த உள் அடுக்கு வெறும் உடலில் அணியப்படுகிறது. அதனுள் ஜட்டி அணிந்தால் அதன் தையல் உராய்ந்து புண் உண்டாகும். உள் அடுக்கைத் தனியாக வாங்கி, கைவசமுள்ள தளர்வான காற்சட்டைக்குள் அணிவது செலவைக் குறைக்கும். கடைத்தெரு வரை சென்று வரும் குறுகிய பயணங்களுக்குத் திண்டு தேவையில்லை.

பராமரிப்பு

ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் காற்சட்டையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, மென்மையான சோப்பால் துவைத்துக் காற்றோட்டமான நிழலில் உலர்த்த வேண்டும். குளோரின் கலந்த வெளுப்பான் ஸ்பான்டெக்ஸ் இழையைச் சிதைக்கும். திண்டு முழுவதும் உலராத காற்சட்டையை மீண்டும் அணிதல் கூடாது. துவைத்த பின்னும் தளர்ந்தே இருக்கும் காற்சட்டையில் திண்டு இடம் மாறும் என்பதால் அதனை மாற்றிவிட வேண்டும்.