திசு: தாவர, விலங்குத் திசுக்களின் வரலாறு

ஒரே மூலத்திலிருந்து தோன்றி, ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும் செல்களின் கூட்டமே திசு. இலங்கைத் தமிழில் இது இழையம்.

தாவரங்களை உள்ளமைப்பைக் கொண்டு பிரித்துப் பார்ப்பது தமிழுக்குப் பழகிய முறை. தொல்காப்பிய மரபியல், வெளிப்புறம் வைரம் (கெட்டியான பகுதி) உள்ளவற்றைப் புல் என்றும், உட்புறம் வைரமுள்ளவற்றை மரம் என்றும் வகுத்தது. பனையை அறுத்தால் இதன் நுட்பம் புரியும். வெளிவட்டத்தில் கருநார்கள் நெருங்கி நிற்கும். நடுவில் அவை அருகி, மென்மையான சோறே மிகுந்திருக்கும். நார் ஸ்கிளீரங்கைமா, அது தாங்குகிறது. சோறு பாரங்கைமா, அது சேமிக்கிறது. வேம்பிலோ கேம்பியம் என்னும் ஆக்குத்திசு பழைய கட்டையின் மேல் புதியதைச் சேர்த்துக்கொண்டே போவதால், நீரைக் கடத்திய பழைய சைலம் உள்ளே வைரமாகிறது. இளங்காம்பு வளைந்தும் முறியாதிருப்பது கோலங்கைமா என்னும் திசுவால்.

ஐரோப்பாவில், பிரெஞ்சு மருத்துவர் பிஷா நுண்ணோக்கியின் துணையின்றியே மனித உடலில் 21 திசுக்களைப் பிரித்தறிந்தார். 1838இல் தாவரவியலாளர் ஷ்லைடன் தாவரங்களும், 1839இல் உடலியலாளர் ஷ்வான் விலங்குகளும் செல்களால் ஆனவை என்றனர். நீரைக் கடத்தும் சைலம், உணவைக் கடத்தும் ஃபுளோயம் ஆகிய பெயர்கள் 1858இல் தாவரவியலாளர் நேகெலி தந்தவை.

அதே ஷ்லைடன், புதுச்சேரிப் பகுதிக் கல்மரம் ஒன்றையும் ஆராய்ந்து 1855இல் பெயரிட்டார் என்பது அவ்வட்டாரத்துக்குப் பெருமை. இந்தியத் தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி 1931இல் அதை மெசெம்பிரியாக்சிலான் என்னும் பேரினத்தில் சேர்த்தார். புதுச்சேரிப் பகுதியின் சுத்துக்கேணி என்னும் ஊருக்கு அருகிலுள்ள திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழைமையுள்ள கல்மரங்கள் கிடக்கின்றன. சிலிக்கா கரைந்த நீர் செல்களுக்குள் ஊறி இறுகியதால், கட்டை கல்லான பின்னும் திசுவின் வடிவம் அப்படியே நின்றது. ஒளி ஊடுருவும்படி தேய்த்த சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், பூக்கும் மரங்களின் சைலக் குழாய்கள் வட்டத் துளைகளாகத் தெரியும். ஊசியிலை வகையில் அத்துளைகள் இரா. நீர் கடத்தும் டிரக்கீடு செல்கள் மட்டும் வரிசை பிடித்திருக்கும். இலையும் பூவும் இல்லாத மரத்தின் இனத்தை, ஒரு காலத்தில் அதற்கு நீர் ஏற்றிய செல்களே காட்டிக்கொடுக்கின்றன.

இன்றைய வகைப்பாட்டில் விலங்குத் திசுக்கள் நான்கு வகை. எபிதீலியம் போர்த்திக் காக்கும். தசை சுருங்கி அசைக்கும். நரம்பு செய்தி கடத்தும். இணைப்புத் திசு பிணைத்துத் தாங்கும். இரத்தமும் எலும்பும் இணைப்புத் திசுவே. எலும்பில் கொலாஜன் நார்களின் மேல் கால்சியம் பாஸ்பேட் படிந்திருக்கிறது. எலும்பின் உறுதியைப் பழைய புதைகுழிகளில் காணலாம். தொல்லியலாளர்களான கசால் தம்பதி 1956இல் வெளியிட்ட நூலில் சுத்துக்கேணியின் பெருங்கற்காலப் புதைகுழிகளும் இடம்பெற்றுள்ளன. அத்தகைய குழிகளில் தோலும் தசையும் நரம்பும் மட்கிப்போக, காலத்தைத் தாண்டி நிற்க வல்லவை எலும்பும் பல்லும்தான்.