துக்ளக் சமாதிக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு ராத்திரி

போன குளிர்காலத்தில் ஆபீஸ் வேலையாக நாலு நாள் டில்லி போக வேண்டியிருந்தது. மெல்போர்னில் நான் பார்ப்பது தண்ணீர்க் குழாய் வேலை. பூமிக்கடியில் ஓடும் பைப்புகளுக்கு வைத்தியம் பார்க்கும் இன்ஜினியர் என்று வைத்துக் கொள்ளுங்களேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஃப்ரீ. கரோல் பாகில் பிறந்து வளர்ந்த சித்தப்பா பையனுக்கு போன் போட்டேன்.

"அண்ணா, குதுப் மினார் எல்லாம் பாத்தாச்சு இல்ல? வா, ஸ்டாண்ட்அப் காமெடி ஷோ ஒண்ணு இருக்கு. சின்ன இடம்தான், ஆனா நல்லா இருக்கும்."

எனக்குக் கொஞ்சம் தயக்கம். காரணம் இருக்கிறது. அதற்கு மூன்று மாதம் முன்பு என் மகள் (எட்டாம் வகுப்பு) ஸ்கூல் மேடையில் மைக்கைப் பிடித்து, நான் ஆங்கிலம் பேசுவதை அப்படியே மிமிக்ரி செய்து காட்டினாள். அரங்கமே சிரித்தது, கைதட்டியது. நான் மட்டும் சிரிக்கவில்லை. காரில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் வீட்டில் அவளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. காமெடி ஷோ என்றதும் அதுதான் ஞாபகம் வந்தது.

சரி, போனோம். இடம் ஹவுஸ் காஸ் கிராமம். கிராமம் என்று பேர்தானே தவிர, தடுக்கி விழுந்தால் ஒரு காபிக்கடை. கிராமம் முடியும் இடத்தில் ஒரு பெரிய ஏரி. அலாவுதீன் கில்ஜி தன் சிரி நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று வெட்டியது. (1311-ல் மாலிக் காபூரை மதுரை வரை அனுப்பினாரே, அதே கில்ஜி.) பிறகு தூர்ந்து போனதை ஃபிரோஸ் ஷா துக்ளக் சரி செய்து, கரையில் ஒரு மதரஸா கட்டினார். அவருடைய சமாதியும் அங்கேயே. இந்த ஃபிரோஸ் யாரென்றால், நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த முகமது பின் துக்ளக்கின் சித்தப்பா பையன். எனக்குப் பக்கத்தில் நடந்து வந்தவனும் சித்தப்பா பையன்தான் என்பது ஒரு ஆறுதல் :-)

அந்தச் சமாதியிலிருந்து நாலு நிமிட நடை. ஒரு ஓட்டலின் மாடி. மிஞ்சிப் போனால் ஐம்பது நாற்காலி, ஒரு மைக், ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் தண்ணீர் பாட்டில், பின்னால் செங்கல் சுவர். அவ்வளவுதான் செட். முதலில் ஒருவர் வந்து கூட்டத்தைச் சூடேற்றுகிறார். பிறகு ஆளுக்குப் பத்து நிமிடம். நேரம் முடியப் போகிறது என்றால் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் செல்போன் டார்ச்சைக் காட்டுகிறார். அந்த வெளிச்சம் தெரிந்தால் மரியாதையாக முடித்துக் கொண்டு இறங்கிவிட வேண்டும்.

சூடேற்றியவர் முன் வரிசையில் இருந்த என்னைப் பிடித்துக் கொண்டார்.

"சார், எங்கேர்ந்து?"

"மெல்போர்ன்."

"அதுக்கு முன்னாடி?"

"தஞ்சாவூர்."

"ஓ, மதராஸி! சார், நீங்க உங்க பேரைச் சொல்ல ஆரம்பிங்க. நான் அதுக்குள்ள மீதிப் பேரை விசாரிச்சுட்டு வந்துடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஒரு செகண்ட் லேட்டாக. ஜோக் ஒன்றும் மோசமில்லை. ஆனால் அந்த 'மதராஸி' கொஞ்சம் குத்தியது. விந்திய மலைக்குத் தெற்கே யார் இருந்தாலும் டில்லிக்காரருக்கு மதராஸிதான். இந்த வார்த்தைக்கு ஒரு சினிமா சரித்திரமே இருக்கிறது. 1968-ல் வந்த 'படோசன்' ஹிந்திப் படத்தில் மெஹ்மூத் 'மாஸ்டர் பிள்ளை' என்ற தென்னிந்தியப் பாட்டு வாத்தியாராக வந்து சக்கைப்போடு போட்டார். அவர் பேசிய ஹிந்திக்கு வடநாடே விழுந்து விழுந்து சிரித்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதை 1960-லேயே 'அடுத்த வீட்டுப் பெண்' என்று தமிழில் வந்துவிட்டது. நாமே சிரித்து முடித்த கதை. ஹிந்திக்குப் போனபோது சிரிப்பதற்கு ஆள் தேவைப்பட்டது. நாம் மாட்டிக் கொண்டோம்.

ஆனால் அதே 1968-ல் சென்னையில் என்ன நடந்தது தெரியுமா? சோ 'முகமது பின் துக்ளக்' நாடகத்தைப் போட்டார். அறுநூறு வருஷம் கழித்து துக்ளக்கும் இபின் பதூதாவும் உயிரோடு எழுந்து வந்து விட்டார்கள் என்று கதை. துக்ளக் எலெக்ஷனில் நின்று பிரதமராகிறார். கட்சி மாறி வந்தவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி. மொழிப் பிரச்சினையா? பாரசீகத்தை ஆட்சி மொழியாக்கி விட்டால் தீர்ந்தது! 1971-ல் படமாகவும் வந்தது. டில்லி நம்மைப் பார்த்துச் சிரித்த அதே வருஷம் நாம் டில்லியைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். கணக்கு நேர்.

இங்கே நிஜ இபின் பதூதாவையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மொராக்கோக்காரர். 1334-ல் டில்லி வந்து, துக்ளக்கிடம் நீதிபதி உத்தியோகம் பார்த்தவர். பிறகு நம் மதுரைப் பக்கமும் வந்திருக்கிறார். துக்ளக் ஏன் டில்லி ஜனங்களை தௌலதாபாத்துக்குத் துரத்தினார் என்பதற்கு அவர் ஒரு காரணம் எழுதி வைத்திருக்கிறார். ராத்திரியில் யாரோ சுல்தானைத் திட்டியும் கேலி செய்தும் கடிதம் எழுதி, சுல்தான் மட்டுமே படிக்க வேண்டும் என்று மேலே குறிப்பும் போட்டு, தர்பார் மண்டபத்துக்குள் வீசிவிட்டுப் போவார்களாம். அந்தக் கோபத்தில்தான் ஊரையே காலி செய்தார் என்கிறார். இபின் பதூதா வந்தது அதெல்லாம் நடந்து சில வருஷம் கழித்து. ஆக இது கேள்விப்பட்ட கதைதான். தெற்கை ஆள வசதியான இடம் என்பதுதான் காரணம் என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்வார்கள். ஆனால் டில்லி ஜனங்கள் அந்தக் கதையை நம்பினார்கள் பாருங்கள், அதுதான் முக்கியம். ராஜாவைக் கேலி செய்தால் ஊரே காலியாகும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

அப்படித் தோன்றியதில் தப்பில்லை என்று காட்ட இன்னொருவர் இருக்கிறார். ஜாஃபர் ஸடல்லி. ஔரங்கசீப் காலத்தில் டில்லியில் இருந்த கேலிக் கவிஞர். யாரையும் விடமாட்டார். 1713-ல் ஃபரூக்சியர் பட்டத்துக்கு வந்து, தன் பெருமையைச் சொல்லும் ஒரு செய்யுளை நாணயத்தில் பொறித்தார். ஸடல்லி அதற்கு ஒரு பதில் செய்யுள் கட்டினார். நாணயம் அடித்தது பொன்னிலும் வெள்ளியிலும் இல்லை, கோதுமையிலும் பருப்பிலும் பட்டாணியிலும்தான் என்று. கூடவே, வாரைக் கழுத்தில் இறுக்கி ஆளைக் கொல்லும் ராஜா என்றும் சேர்த்து விட்டார். அந்த ஒரு செய்யுளுக்காக அவரைக் கொன்று விட்டார்கள் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் சேதி.

இதெல்லாம் அந்த மாடியில் எனக்கு ஏன் ஞாபகம் வந்தது? ஷோ தொடங்கும்போதே, "போனை உள்ளே வைங்க, யாரும் ரெக்கார்ட் பண்ணாதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். ஜோக் வெளியே போய்விட்டால் பழசாகிவிடும், அதனாலாக்கும் என்று நினைத்தேன். "அது பாதிதான் அண்ணா" என்றான் தம்பி. மீதிப் பாதி கொஞ்ச நேரத்தில் புரிந்தது. மூன்றாவதாக வந்த பையன் ஒரு அரசியல் ஜோக்கைப் பாதி சொல்லிக் கொண்டிருந்தவன், சட்டென்று நிறுத்தி, கதவுப் பக்கம் பார்த்தான். "வேண்டாம். எங்கம்மா பாவம்" என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டான். அன்றைக்குப் பெரிய சிரிப்பு அதற்குத்தான் விழுந்தது. சொல்லாத ஜோக்குக்கு.

அவன் பயம் சும்மா இல்லை. முனவர் ஃபாரூக்கி என்ற காமெடியனை 2021 ஜனவரி 1-ம் தேதி இந்தூரில் கைது செய்து ஒரு மாதத்துக்கு மேல் ஜெயிலில் வைத்தார்கள். சுப்ரீம் கோர்ட் ஜாமீன் கொடுத்துத்தான் வெளியே வந்தார். 2022 ஆகஸ்டில் அவருடைய டில்லி ஷோவுக்கு போலீஸ் அனுமதி மறுத்தது. 2021 நவம்பரில் வீர் தாஸ் வாஷிங்டன் மேடையில் இரண்டு இந்தியாக்களைப் பற்றிப் பேசினார். புகார் டில்லி போலீசுக்குப் போனது. (2023-ல் அவருக்கு சர்வதேச எம்மி விருது கிடைத்தது தனிக்கதை.)

டில்லி எப்போதும் இப்படித்தானா என்றால், இல்லை. இங்கே இன்னொரு பிள்ளை வருகிறார். மெஹ்மூதின் பொய்ப் பிள்ளை இல்லை, நிஜமான பிள்ளை. காயங்குளத்துக்காரர் கே. சங்கர் பிள்ளை. 1948-ல் டில்லியில் 'சங்கர்ஸ் வீக்லி' என்ற கார்ட்டூன் பத்திரிகை தொடங்கினார். வெளியிட்டது யார் தெரியுமா? பிரதமர் நேரு. என்னையும் விட்டுவைக்காதே என்று நேருவே சொன்னதும், சங்கர் சொன்னபடியே விட்டுவைக்காததும் பிரசித்தம். டில்லி பாஷையில் அவரும் ஒரு 'மதராஸி'தானே? அந்த மதராஸி வாராவாரம் தேசத்தின் பிரதமரை வரைந்து சிரிக்க வைத்தார், பிரதமரும் சேர்ந்து சிரித்தார். 1975 ஜூனில் எமர்ஜென்சி வந்தது. ஆகஸ்டில் சங்கர் பத்திரிகையை மூடிவிட்டார். சர்வாதிகாரத்தால் சிரிப்பைத் தாங்க முடியாது என்ற அர்த்தத்தில் கடைசி இதழில் எழுதிவிட்டுப் போனார்.

நம் தமிழர்களும் டில்லியில் சும்மா இருக்கவில்லை. டில்லித் தமிழ்ச் சங்கம் 1946-லிருந்து இருக்கிறது. பகலெல்லாம் சர்க்கார் ஃபைல் தள்ளிவிட்டு, சாயங்காலம் ரிகர்சல் பார்த்த ஒரு தலைமுறையே அங்கே உண்டு. பூர்ணம் விஸ்வநாதன் ஆல் இந்தியா ரேடியோவில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். 1947 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. டில்லி மேடைகளில் நடித்துப் பழகிய பிறகுதான் சென்னைக்கும் சினிமாவுக்கும் வந்தார். டில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்த இந்திரா பார்த்தசாரதி, டில்லி அரசியலைக் கிண்டலடித்து 'தந்திர பூமி', 'சுதந்திர பூமி' என்று நாவல்களே எழுதினார். மேலே இருப்பவர்களைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு இவர்களுக்குக் கிடைத்தது. பார்த்ததை அவர்கள் வீணாக்கவில்லை.

கடைசியாக மேடையேறியது ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். டில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி ஒன்றில் படித்தவளாம். முழுக்க ஹிந்தி, நடுநடுவே ஆங்கிலம்.

"எங்கம்மா டில்லிக்கு வந்து முப்பது வருஷம் ஆச்சு. ஹிந்தியில இன்னும் ஆண்பால் பெண்பால் மட்டும் வரலை. எங்க வீட்டுல பஸ் ஆம்பளை, அப்பா பொம்பளை. அப்பா இதுவரைக்கும் அப்ஜெக்ஷன் சொன்னதில்லை."

என் தம்பி நாற்காலியிலிருந்து விழாத குறை. அவனுடைய அம்மாவும், அதாவது என் சித்தியும், இதே கேஸ்தான். அந்தப் பெண் அதோடு விடவில்லை. "சிரிச்சாச்சா? சரி, இப்போ எல்லாரும் சேர்ந்து என் தாய்மொழி பேரைச் சொல்லுங்க" என்றாள். அத்தனை பேரும் கோரஸாக, "தமில்!" இன்னொரு தடவை. "தமிள்!" மூன்றாவது தடவையும் தேறவில்லை. "முப்பது வருஷத்துல எங்கம்மா தப்பாவாவது ஒரு மொழியே பேசக் கத்துக்கிட்டா. உங்களுக்கு ஒரு எழுத்து வரலை" என்றாள். என்னை 'மதராஸி' ஆக்கிய ஆசாமி ஓரமாக நின்று விழுந்து விழுந்து சிரித்துக் கொண்டிருந்தார்.

அதே தென்னிந்திய உச்சரிப்பு. 1968-ல் மெஹ்மூத் செய்ததும் அதுதான், இவள் செய்ததும் அதுதான். ஆனால் இவள் அந்த அம்மாவின் கையால் சாப்பிட்டு வளர்ந்தவள். அம்மாவின் ஹிந்தி எந்த இடத்தில் தடுக்கும் என்று அவளுக்குத் தெரியும், ஏன் தடுக்கிறது என்றும் தெரியும். டில்லியையும் தன் ஊராக நினைப்பதால்தான் டில்லிக்காரர்களை நிற்க வைத்துத் தேர்வு வைக்க முடிகிறது. இதே மாதிரி இன்னொரு பெண் எங்கள் வீட்டிலும் இருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் மெல்போர்னுக்கு போன் போட்டேன். அங்கே மத்தியானம்.

"அன்னிக்கு ஸ்கூல்ல பண்ணினியே, அப்பா மாதிரி, அதைக் கொஞ்சம் பண்ணு."

"வேணாம்ப்பா. கோச்சுப்பே."

"கோச்சுக்கலை. பண்ணு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஆரம்பித்தாள். குழாய் உடைந்து தெருவெல்லாம் தண்ணீர் ஓட, நான் போனில் யாரிடமோ ஆங்கிலத்தில் கத்துகிறேன். நன்றாகத்தான் செய்தாள். ஆனால் 'பைப்' என்று நான் சொல்வதை மட்டும் அவள் சரியாகப் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு குட்டி 'உ' வரும், அதை விட்டுவிட்டாள்.

நாலு தடவை சொல்லிக் காட்டித் திருத்திக் கொடுத்தேன்.