இணைக்கப்பட்ட இரு தீவுகள்: திரினிடாடும் தொபாகோவும்

போட் ஒவ் ஸ்பெயினிற் கப்பலேறித் தொபாகோவின் ஸ்காபரோத் துறையில் இறங்கும் பயணி, ஒரே கொடியின் கீழ் இரு வேறு நாடுகளைக் காண்கின்றான். திரினிடாட் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. கனிய எண்ணெயும் இயற்கை வாயுவும், இந்து ஆலயமும் பள்ளிவாசலும் கத்தோலிக்கத் தேவாலயமும் அங்கு நிறைந்துள்ளன. தொபாகோவோ 300 சதுர கிலோமீற்றரே. ஆபிரிக்க வழிவந்தோரே மிகப் பெரும்பான்மையினர். கடற்கரையே அதன் செல்வம். பயண நூலார் இவ்வேறுபாட்டை இயற்கையின் கொடையெனப் பாராட்டுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

1797 வரை திரினிடாட் ஸ்பானியரிடம் இருந்தது. ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர் எனப் பலரிடம் கைமாறிய தொபாகோ, 1814இல் முடிவாகப் பிரித்தானியர் வசமாயிற்று. எனினும் 1768 முதலே அங்கு ஒரு சட்டசபை இயங்கியது. அது தோட்டத் துரைமாரின் சபையேயன்றி அடிமைகளின் சபையன்று என்பதையும் மறத்தலாகாது. அடிமை முறை ஒழிந்தபின், 1845 முதல் 1917 வரை 1,40,000க்கு மேற்பட்ட இந்தியரைத் திரினிடாட் ஒப்பந்தக் கூலிகளாகப் பெற்றது. அவருட் பெரும்பாலோர் கல்கத்தாவிலும், சிறு தொகையினர் சென்னையிலும் கப்பலேறியோர். கூலி கொடுக்க வழியற்ற தொபாகோத் தோட்டங்கள் விளைவைப் பங்கிடும் வாரமுறையை நாடின. 1876இல் எழுந்த கலவரத்துக்கு அஞ்சிய துரைமார் தம் சட்டசபையைத் தாமே கைவிட்டனர். ஐரோப்பிய பீற்றூட் சீனியின் போட்டியால் விலை வீழ்ந்தது. தோட்டங்கள் பலவற்றிற்குப் பணம் உதவிவந்த இலண்டன் நிறுவனமொன்று 1884இல் முறிந்தது. அதனோடு தொபாகோவும் முறிந்தது.

பிரித்தானிய அரசு கண்ட மருந்து இணைப்பு. 1889இல் தொபாகோ திரினிடாட்டுடன் சேர்க்கப்பட்டபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட சபை எதுவும் அங்கு இருக்கவில்லை. முதற் பத்தாண்டுகள் தனித் திறைசேரியேனும் எஞ்சியிருந்தது. 1899இல் அதுவும் நீங்கி, திரினிடாட்டின் வெறும் நிருவாக வட்டாரமாக அது தாழ்ந்தது. இதனை இணைப்பு என்பதிலும் கணக்கு மூடல் என்பதே பொருந்தும். பின்னர் திரினிடாட்டில் எண்ணெய் பெருகியது. 1962இல் சுதந்திரமும் வந்தது. மறு ஆண்டு புளோராச் சூறாவளி தொபாகோவின் கொக்கோ, தென்னைத் தோட்டங்களை அழித்தது. பயணிகள் வியக்கும் அமைதியில் ஒரு பங்கு, கைவிடப்பட்ட அத்தோட்டங்களின் அமைதியே.

1977இல் தொபாகோவின் பிரதிநிதி ஏ. என். ஆர். ரொபின்சன், உள்ளகத் தன்னாட்சி கோரும் பிரேரணையைப் பாராளுமன்றிற் கொணர்ந்தார். 1980இல் தொபாகோவுக்கெனத் தனிச் சபை தோன்ற, அவரே அதன் முதல் தலைவரானார். பின்னாளில் முழு நாட்டிற்கும் பிரதமராகவும் சனாதிபதியாகவும் விளங்கிய அவரைப் பிரிவினைவாதி என எவரும் கூறவியலாது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் சபையின் அதிகாரங்களை விரித்தது. எனினும் நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தில் தொபாகோவின் பங்கு எவ்வளவு என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.