மில்லில் கொடுத்த வலி மாத்திரை முதல் மெனோபாஸ் வரை... பெண்களின் ஹார்மோன் பிரச்னையை முழுசா பார்ப்பது எப்படி?

பீரியட்ஸ் வலின்னு சொன்னா ஒரு மாத்திரை. வலி நின்னதும் மறுபடி மெஷின் முன்னாடி. தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் இது சகஜமாக நடந்தது 2019-ல் வெளியே தெரிந்தது. தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் செய்தியாளர்கள் சுமார் 100 பெண் தொழிலாளர்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலிக்கு வேலை இடத்திலேயே பெயரோ விவரமோ இல்லாத மாத்திரை கொடுத்தார்கள் என்று அத்தனை பேருமே சொன்னார்கள். அதனால் உடம்பு கெட்டுப்போனதாக பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஸ்பின்னிங் மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ போகும் பெண் இல்லாத தெரு குறைவு. அதனால் இது நமக்கு தூரத்துச் செய்தி கிடையாது. வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்து வாயை மூடும் பழக்கம் மில்லோடு நிற்கிறதா என்றால், அதுவும் இல்லை. வயசுக்கு வந்த நாளில் இருந்து பீரியட்ஸ் நிற்கும் நாள் வரை, நம்ம வீடுகளிலும் இதேதான் நடக்குது.

அந்த மாத்திரையில் என்ன இருந்தது?

மாத்திரைகளைப் பார்த்த டாக்டர்கள், அவை ஐபுப்ரோஃபென் வகை வலி நிவாரணிகள் என்றார்கள். நேர்மையா சொல்லணும்னா, பீரியட்ஸ் வலிக்கு டாக்டர்களும் எழுதிக் கொடுப்பது இந்த வகை மாத்திரையைத்தான். மாதவிடாய் நேரத்தில் கர்ப்பப்பையின் உள்சுவர் 'ப்ராஸ்டாகிளாண்டின்' என்ற ரசாயனத்தைச் சுரக்கும். அது கர்ப்பப்பையை இறுக்கிச் சுருக்கும். அந்தச் சுருக்கம்தான் வலி. மாத்திரை அந்த ரசாயனத்தைக் குறைக்கும். சாப்பிட்ட பிறகு, சரியான அளவில், இரண்டு மூன்று நாள் போட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்னை இல்லை.

அட்டை இல்லாமல் வெறும் மாத்திரையா கையில் வந்தால் கதை வேற. என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எவ்வளவு நேரத்துக்கு ஒண்ணு... எதுவும் தெரியாது. வாங்குகிறவருக்கு அல்சர் இருக்கா, கிட்னி பிரச்னை இருக்கா, ஆஸ்துமா இருக்கா, கர்ப்பமா இருக்காரா என்று கேட்கவும் ஆள் இல்லை. வெறும் வயிற்றில் அடிக்கடி போட்டால் குடல் புண், அளவு மீறிப் போட்டால் சிறுநீரகப் பாதிப்பு வரலாம்.

அந்தப் பெண்களில் சிலர் ஃபைப்ராய்டு கட்டி, கருச்சிதைவு வரை சொன்னார்கள். இந்த மாத்திரைதான் ஃபைப்ராய்டை உண்டாக்கியது என்று சொல்ல மருத்துவ ஆதாரம் கிடையாது. ஆனால் கட்டி ஏற்கெனவே இருந்து, மாசாமாசம் வலியை மட்டும் அமுக்கிக்கொண்டே போனால், கண்டுபிடிப்பது வருஷக்கணக்கில் தள்ளிப்போகும். எண்டோமெட்ரியோசிஸும் அப்படித்தான். கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு வெளியே வளரும் நோய் அது. குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகம் முழுக்க 19 கோடி பேருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்' என்ற ஒரே வரியில் இந்த நோயைக் கடந்துவிடுகிறோம்.

1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, 500 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் மருத்துவ, நர்சிங் ஊழியர்களோடு ஒரு சிகிச்சை அறை இருக்கணும்னு சொல்லியிருந்தது. மாத்திரை கொடுக்க வேண்டியது அவங்க. சூப்பர்வைசர் இல்லை.

கர்ப்பப்பை பிரச்னைக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு. பீரியட்ஸுக்கான உத்தரவு கர்ப்பப்பையில் இருந்து வருவதில்லை. மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் சிக்னல் கொடுக்கும். அதற்குக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதைச் சினைப்பைக்கு அனுப்பும். சினைப்பை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டையும் சுரக்கும். தைராய்டும் இன்சுலினும் இதில் குறுக்கே வரும். (ஹார்மோனுக்குத் தமிழில் 'இயக்குநீர்'னு ஒரு அழகான சொல் இருக்கு. ஆனா எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் சொல்றதில்லை, நாமும் ஹார்மோன்னே வெச்சுக்கலாம்.)

அதனால்தான் மேலே எங்கே இடித்தாலும் கீழே பீரியட்ஸ் தள்ளிப்போகும். சரியா சாப்பிடாமல் எடை குறைந்தாலும், எடை கூடினாலும், மாறி மாறி நைட் ஷிப்ட் பார்த்துத் தூக்கம் கெட்டாலும், மன அழுத்தம் கூடினாலும் சுழற்சி குழம்பலாம். ஹாஸ்டலில் தங்கி மில்லுக்குப் போகும் 19 வயசுப் பொண்ணுக்கு இவற்றில் மூன்று ஒரே நேரத்தில் இருக்கலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. அதன் மேல் அதிக ரத்தப்போக்கும் சேர்ந்தால், மெஷின் முன்னாடி தலைசுத்தி விழுவதில் ஆச்சரியமே இல்லை.

முழுசா பார்ப்பது என்றால் இவ்வளவுதான்: வலியோடு சேர்த்து தூக்கம், சாப்பாடு, எடை, வேலை நேரம், தைராய்டு, சுகர், மனசு எல்லாவற்றையும் கேட்பது.

தெரட்டி சீர் முடிந்த பிறகு...

கொங்கு பக்கம் பொண்ணு பெரிய மனுஷி ஆனா தெரட்டி சீர், மாமன் சீர், உளுந்தங்களி, நல்லெண்ணெய் என்று ஊரே கூடும். உளுந்தும் எள்ளும் நல்ல சாப்பாடு, சந்தேகமே இல்லை. ஆனா சீர் முடிந்ததும் அடுத்த பீரியட்ஸ் எப்போ வந்தது என்று யாரும் குறித்து வைப்பதில்லை. சில இடத்தில் நிலைமை அதைவிட மோசம். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் கிணத்துக்கடவு பக்கம், பூப்பெய்திய 8-ம் வகுப்பு மாணவியைப் படிக்கட்டில் உட்காரவைத்து பரீட்சை எழுத வைத்த வீடியோ வெளியாகி, பள்ளி முதல்வர் சஸ்பெண்ட் ஆனார்.

முதல் இரண்டு மூன்று வருஷம் சுழற்சி ஒழுங்கா இல்லாமல் இருப்பது இயல்பு. 21 நாளில் இருந்து 45 நாள் வரை மாறலாம். அதற்குப் பிறகு 21 முதல் 35 நாளுக்குள் வரணும். 15 வயசு ஆகியும் வயசுக்கு வரலை, முதல் வருஷத்துக்குப் பிறகு 90 நாளுக்கு மேல் ஒரு இடைவெளி, எட்டு நாளுக்கு மேல் ரத்தப்போக்கு, மணிக்கு ஒரு நாப்கின் நனைவது, பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாத வலி... இதில் எது இருந்தாலும் டாக்டரைப் பார்க்கணும்.

மலிவு விலை நாப்கின் மெஷினை உருவாக்கி 2016-ல் பத்மஸ்ரீ வாங்கிய அருணாச்சலம் முருகானந்தம் நம்ம கோவைக்காரர்தான். நாப்கின் பேச்சை வீட்டுக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நாப்கின் ரத்தத்தைத் தாங்கும். ரத்தம் ஏன் இவ்வளவு வருது என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கு.

பி.சி.ஓ.எஸ்.: 'கல்யாணம் ஆனா சரியாகிடும்' என்பது உண்மையா?

இல்லை. ஒழுங்கற்ற பீரியட்ஸ், ஆண் ஹார்மோன் கூடுதல் (முகத்தில் முடி, பரு அல்லது ரத்தப் பரிசோதனையில் தெரிவது), ஸ்கேனில் சினைப்பையில் நிறைய சின்னச் சின்ன நீர்ப்பைகள் என்ற மூன்றில் இரண்டு இருந்தால், வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்த பிறகு பி.சி.ஓ.எஸ். என்பார்கள். ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்று எழுதியிருப்பதாலேயே நோய் என்று ஆகிவிடாது. முக்கியமா, டீன் ஏஜ் பொண்ணுங்களுக்கு அப்படித் தெரிவது சகஜம். வயசுக்கு வந்து எட்டு வருஷம் வரை ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். முடிவு செய்யக்கூடாது என்பது 2023 சர்வதேச வழிகாட்டுதல். 16 வயசுப் பொண்ணோட ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு 'குழந்தை பிறக்காதோ'ன்னு அழும் அம்மாக்கள் இதைக் கவனிக்கணும். பி.சி.ஓ.எஸ். உறுதியானாலும் பெரும்பாலானவர்கள் கருத்தரிக்கிறார்கள். சிலருக்கு சிகிச்சை தேவைப்படும்.

நிஜமாவே பயப்பட வேண்டியது வேற. பல மாசம் பீரியட்ஸ் வராமல் விட்டால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். பின்னாளில் அங்கே புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். சுகர் வரும் வாய்ப்பும் அதிகம். எடை கூடுதலா இருப்பவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு சுழற்சி திரும்பும். ஒல்லியா இருப்பவர்களுக்கும் பி.சி.ஓ.எஸ். வரும் என்பதால், எல்லாருக்கும் 'உடம்பைக் குறை' என்பது பதில் இல்லை. அரிசியும் பருப்பும் சோறு, கம்பு, ராகி எல்லாம் தாராளமா சாப்பிடலாம், அளவு முக்கியம். கருப்பட்டியும் சர்க்கரைதான். ரீல்ஸில் விற்கும் 'ஹார்மோன் பேலன்ஸ்' பொடியும் அட்டை இல்லாத மாத்திரைக்கு அக்கா தங்கச்சிதான்!

கல்லுப்பும் தைராய்டும்

சோர்வு, எடை கூடுவது, முடி கொட்டுவது, அதிக ரத்தப்போக்கு... இவை தைராய்டு குறைவாலும் வரும். தைராய்டு ஹார்மோன் செய்ய அயோடின் வேணும். 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதுமான அயோடின் உள்ள உப்பு பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுக்க 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் நாமதான் கடைசி. கல்லுப்பு வாங்குவது தப்பில்லை, அயோடின் சேர்த்த கல்லுப்பும் கிடைக்குது, பாக்கெட்டைப் பார்த்து வாங்கணும். கர்ப்பமானவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏன்னா குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் தைராய்டு ஹார்மோன் வேணும். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் உப்பை மாற்றிவிட்டு மாத்திரையை நிறுத்தக்கூடாது.

பிள்ளை பெத்த பிறகு

கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சுகர் பரிசோதனை என்பதை 2007-லேயே கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. ஆனா பிரசவத்தோடு அந்த ஃபைல் மூடப்படுகிறது. கர்ப்பத்தில் சுகர் வந்தவர்கள் குழந்தை பிறந்து 6 முதல் 12 வாரத்தில் மறுபடி டெஸ்ட் எடுக்கணும், பிறகும் தொடர்ந்து பார்க்கணும். பத்திய சாப்பாடும் செலவு ரசமும் கவனமா செய்து கொடுக்கும் வீடுகளில்கூட இந்த ஒரு டெஸ்ட் விட்டுப்போகும். தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். தைராய்டும் இந்த நேரத்தில் தடுமாறலாம். 'காத்து கருப்பு' என்று கயிறு கட்டும் முன்னாடி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்க.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனால்தான் உடம்பு குண்டாச்சு என்ற பேச்சும் உண்டு. அதில் கருக்குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். சினைப்பை வழக்கம்போல ஹார்மோன் சுரக்கும்.

40-க்குப் பிறகு பெயரே இல்லையா?

பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று பெண்ணுக்கு ஏழு பருவம் சொல்லும் நம்ம இலக்கணம். பேதைக்கு 5 வயசில் தொடங்கி, பேரிளம்பெண்ணோடு 40-ல் முடியும். அதற்கு மேல் பட்டியல் இல்லை. இன்னைக்கு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். குழந்தை பெறும் வயசு வரைதான் கவனிப்பு.

தொடர்ந்து 12 மாசம் பீரியட்ஸ் வராவிட்டால் மெனோபாஸ். மேலை நாடுகளில் சராசரி 51 வயசு என்றால், இந்தியாவில் 46, 47-லேயே வந்துவிடுகிறது. அதற்குச் சில வருஷம் முன்னாடியே திடீர் உடல் சூடு, ராத்திரி வியர்வை, எரிச்சல், தூக்கமின்மை தொடங்கும். வீட்டில் 'அவளுக்கு இப்பல்லாம் கோவம் ஜாஸ்தி' என்பார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாகத் தேயும், இதய நோய் வாய்ப்பும் கூடும். 40 வயசுக்கு முன்னாடியே பீரியட்ஸ் நின்றால் அது தனியாக சிகிச்சை தேவைப்படும் விஷயம்.

ஹார்மோன் மாத்திரை பற்றிய பயத்துக்குக் காரணம், 2002-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு. கூட்டு ஹார்மோன் எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் சற்று கூடியதாக அது சொன்னது. இப்போது, தொந்தரவு அதிகமா இருந்து, 60 வயசுக்குள் அல்லது மெனோபாஸ் ஆகி 10 வருஷத்துக்குள் இருப்பவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி போன்றவை இல்லை என்று பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்பதே பொதுவான மருத்துவக் கருத்து. எல்லாருக்கும் தேவையும் இல்லை.

இந்த வயசில் அதிக ரத்தப்போக்கு என்றதும் 'கர்ப்பப்பையை எடுத்துடலாம்' என்ற பேச்சு சீக்கிரம் வந்துவிடும். சிலருக்கு அது அவசியம்தான். ஆனால் கூடவே சினைப்பையையும் எடுத்தால் ஒரே நாளில் மெனோபாஸ். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் வேலை நாள் போகக்கூடாது என்று கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டதும் அதே 2019-ல்தான் பெரிய செய்தியானது. மில் மாத்திரைக்கும் அதற்கும் இடையில் தூரம் அதிகம் இல்லை. ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லும் முன்னாடி மாத்திரை, ஹார்மோன் காயில் மாதிரி வேறு வழி இருக்கா, சினைப்பையை விட்டுவைக்க முடியுமா என்று கேளுங்க. முடிந்தால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்க.

மெனோபாஸ் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே பரிசோதனை வேணும்.

எங்கே போகணும், என்ன கொண்டு போகணும்?

மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் மில், பனியன் கம்பெனி தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், நிர்வாகம் 3.25 சதவீதம் கட்டுகிறது. பணம் கட்டியும் அந்தப் பக்கமே போகாத பெண்கள் ஏராளம். டிஸ்பென்சரியில் காட்டி, தேவைப்பட்டால் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வரை போகலாம். டாக்டர் சான்று கொடுத்து, சந்தா நிபந்தனையும் சரியா இருந்தால், நோய் விடுப்பில் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். சந்தேகம் கேட்க 104.

போகும்போது கடைசி ஆறு மாசம் பீரியட்ஸ் வந்த தேதி, எத்தனை நாள், எத்தனை நாப்கின், வலிக்குப் போட்ட மாத்திரையின் அட்டை, ஷிப்ட் நேரம் எல்லாம் குறித்துக்கொண்டு போங்க. ஆப் வேண்டாம், சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். அட்டை இல்லாத மாத்திரைதான் கொடுத்தார்கள் என்றால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்க.