இரண்டு கொடிகளுக்காக ஓடிய விக்டர் ஆன்

ஷார்ட் ட்ராக் ஸ்கேட்டிங் என்பது பனிக்கட்டித் தரையில், 111 மீட்டர் சுற்றுப் பாதையில், நாலைந்து பேர் ஒன்றாகக் கிளம்பி முட்டி மோதிக்கொண்டு ஓடும் பந்தயம். நம் ஊரில் அதிகம் பேர் பார்ப்பதில்லை. ஆனால் ஊரை விட்டுப் பிழைக்க வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு கதை இருக்கிறது.

ஆன் ஹியுன் சூ 1985-ல் சியோலில் பிறந்தவர். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் 1000 மீட்டர் இறுதிச்சுற்றில் ஓடியபோது வயது 16. கடைசி வளைவில் முன்னால் போன நாலு பேரும் விழுந்துவிட, பின்னால் வந்த ஆஸ்திரேலியர் ஸ்டீவன் பிராட்பரி தங்கத்தைத் தட்டிக்கொண்டு போனாரே, விழுந்த அந்த நால்வரில் இவரும் ஒருவர். அடுத்து 2006 டூரினில் 3 தங்கம், 1 வெண்கலம். 2003 முதல் 2007 வரை தொடர்ந்து 5 முறை உலக சாம்பியன்.

வெளியே இவ்வளவு பேர். உள்ளேயோ கோஷ்டிச் சண்டை. பயிற்சியாளர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்க, டூரினுக்கு முன் ஆன் பெண்கள் அணியோடு பயிற்சி எடுத்தார். 2008-ல் முழங்கால் உடைந்தது. 2010 வான்கூவர் அணியில் இடம் கிடைக்கவில்லை. கொரியாவில் நகராட்சிகளே சம்பளம் கொடுத்து விளையாட்டு அணிகளை நடத்துவது வழக்கம். ஆன் இருந்தது சியோங்னாம் நகராட்சி அணியில். 2010-ல் பணநெருக்கடியில் மொரட்டோரியம் அறிவித்த அந்த நகராட்சி, வருடக் கடைசியில் ஸ்கேட்டிங் அணியையே கலைத்துவிட்டது.

உலக சாம்பியன், ஆனால் வேலை இல்லை!

2014 சோச்சி ஒலிம்பிக்குக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த ரஷ்யா கூப்பிட்டது. 2011-ல் அந்நாட்டுக் குடிமகன் ஆனார். கொரிய வம்சாவளி ரஷ்யப் பாடகர் விக்டர் சோய் நினைவாக விக்டர் என்று பெயர் வைத்துக்கொண்டார். சோச்சியிலும் 3 தங்கம், 1 வெண்கலம். டூரின் கணக்கு அப்படியே! அதில் 500 மீட்டர் தங்கமும் சேர்ந்ததால், ஷார்ட் ட்ராக்கின் நாலு போட்டிகளிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் ஆள் ஆனார். கொரிய ஆண்கள் அணிக்கு அந்த முறை ஒரு பதக்கம்கூட இல்லை. ஜனாதிபதி பார்க் குன் ஹேயே, விளையாட்டுத் துறையின் முறைகேடுகள்தான் ஆன் போனதற்குக் காரணமா என்று கேட்டார். ரசிகர்களின் கோபமும் ஸ்கேட்டிங் சங்கத்தின் மேல் திரும்பியது.

கதை இங்கே முடிந்திருந்தால் சினிமா மாதிரி இருந்திருக்கும். 2018 ஒலிம்பிக் கொரியாவிலேயே, பியோங்சாங்கில் நடந்தது. ரஷ்ய ஊக்கமருந்து விவகாரத்தால் அழைக்கப்பட்டவர்கள் பட்டியலில் இவர் பெயர் இல்லை; முறையீடும் தள்ளுபடி ஆனது. சொந்த மண்ணில் ஓடும் வாய்ப்பு போனது. 2020-ல் ஓய்வு. 2022 பெய்ஜிங்கில் சீன அணியின் பயிற்சியாளர். அந்தப் போட்டியில் கொரிய வீரர்கள் இருவர் தகுதி நீக்கம் செய்யப்பட, கொரியாவில் கொதிப்பு. இவர் மேலும் வசவு விழுந்தது.

2023-ல் ஊர் திரும்பப் பார்த்தார். பயிற்சியாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டது எங்கே தெரியுமா? அதே சியோங்னாம் நகராட்சியில்தான். ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் போனவர் என்று எதிர்ப்பு கிளம்பியது. வேலை கிடைக்கவில்லை.

போன இடத்தில் ஜெயிப்பது ஒரு கணக்கு. திரும்பி வந்தால் உட்கார இடம் இருக்குமா என்பது வேறு கணக்கு. முதல் கணக்கில் 6 ஒலிம்பிக் தங்கம் சேர்த்தவருக்கே இரண்டாவது தேறவில்லை. 'ரெண்டு வருஷம் பார்த்துட்டு ஊருக்கே போயிடலாம்' என்று வருடா வருடம் சொல்லிக்கொள்ளும் நம் வீடுகளில், இந்த இரண்டாவது கணக்கையும் அப்போதைக்கப்போது எடுத்துப் பார்ப்பது நல்லது.