மன்னார்க் கரையும் குருமடக் கல்வியும்

கத்தோலிக்கக் குருவாக விரும்புபவர் மெய்யியலையும் இறையியலையும் குறைந்தது ஆறு ஆண்டுகள் கற்றாக வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். மன்னார் மறைமாவட்டத்து இளைஞருக்கும் விதி இதுவே. இம்மறைமாவட்டம் 1981இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து உருவானது. மன்னார், வவுனியா மாவட்டங்கள் இதற்குள் அடங்கும்.

மன்னாரில் கிறிஸ்தவம் வேரூன்றியது மிக முன்னரே. மறைப்பணியாளர் பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்களை 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான். குருக்களைப் பயிற்ற ஒவ்வொரு மறைமாவட்டத்துக்கும் ஒரு குருமடம் வேண்டும் என்று திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. ஆயினும் இக்கரையின் மக்கள் நெடுங்காலம் வெளிநாட்டில் பயின்ற குருக்களையே நம்பியிருந்தனர். 1658இல் கத்தோலிக்கத்தைத் தடைசெய்த ஒல்லாந்தர் வந்ததும் அந்தத் துணையும் அற்றுப்போயிற்று.

அந்த வெற்றிடத்துக்கு 1687இல் வந்தவர் ஜோசப் வாஸ். கோவாவில் இயேசு சபையார் கல்லூரியில் படித்து 1676இல் குருவானவர். ஆனால் ஏட்டுக்கல்வி மட்டும் இங்கே அவருக்குக் கைகொடுத்திராது. பிச்சைக்காரர் வேடத்தில் நுழைந்தார், தமிழ் கற்றார், ஒளிந்து மறைந்து மக்களுக்குத் திருப்பலி நிறைவேற்றினார். பிற்காலக் குருமடங்கள் கற்பிக்க முயன்றதை அவர் வாழ்ந்தே கற்றார் எனலாம்.

1893இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ கண்டியில் நிறுவிய குருமடம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக இருந்தது. 1955இல் அது புனேக்கு மாற, அம்பிட்டியாவில் தேசிய குருமடம் எழுந்தது. தமிழ் மறைமாவட்டங்களின் மாணவர்க்கு யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் புனித சவேரியார் பெரிய குருமடம் வாய்த்தது. தமிழ்ப் பங்குகளில் மறையுரை ஆற்ற வேண்டியவர் தமிழ்ச் சூழலிலேயே இறையியல் பயில்வது சிறிய பேறன்று.

குருமடப் பாடங்களில் விவிலியம், திருச்சபை வரலாறு, அறநெறி, வழிபாடு, திருச்சபைச் சட்டம் ஆகியவை அடங்கும். இக்கல்வியைப் பிற சமயத்தோடு ஒப்பிட்டால், யூத சமய ஆசிரியரான ரபியாக விழைபவரும் தல்மூத் என்னும் சமய நூலிலும் சமயச் சட்டத்திலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார். அவருடைய புலமையை ஆசிரியர்கள் சோதித்துச் சான்று தருவர். அவர் மணம் செய்துகொள்ளலாம். இலத்தீன் வழிபாட்டு மரபில் குருவாகிறவரோ பொதுவாக மணத்துறவை ஏற்க வேண்டும். அவருடைய புலமையோடு செபவாழ்வும் குணநலனும் ஆராயப்படும். தகுதியற்றவர் எனக் கண்டால் ஆயர் குருத்துவம் வழங்க மறுக்கலாம்.

திருத்தொண்டராகக் குறைந்தது ஆறு மாதம் கழித்தே குருத்துவம் வழங்கப்படும். வயது 25 நிறைந்திருக்க வேண்டும். ஆயர் தலைமேல் கைகளை வைத்து அர்ப்பணிப்பு மன்றாட்டைச் சொல்வதோடு திருத்தொண்டர் குருவாகிறார். அதன் பின்னரும் இறையியல் கல்வியைத் தொடர வேண்டும் எனச் சட்டம் பணிக்கிறது.